சாய்ந்த சக்கரமும் அப்பாவின் வலக்கண்ணும்

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கு வயது பதினைந்து. ஆனால் இதைப் படிக்கும்போது நீ வளர்ந்த ஆளாக இருப்பாய். எங்கேயோ தொலைதூரத்துக்குப் புறப்படப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பாய். நான் முடி நரைத்து, அறை வாசலில் நின்று, என்ன சொல்லி அனுப்புவது என்று தெரியாமல் உன் சட்டைகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன். அப்போது சொல்ல வேண்டியதை இப்போதே எழுதிவிடுகிறேன். வயது கூடியபின் எனக்கு இந்தப் பயம் மறந்துபோயிருக்கலாம். பயம் மறந்தவர்கள் சொல்லும் புத்திமதியை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

எங்கள் வீடு ஷார்ஜாவில், ரோலாவில், பணம் மாற்றும் ஒரு எக்ஸ்சேஞ்சுக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருக்கிறது. கடையின் பச்சைப் பெயர்ப்பலகை விடியும்வரை எரியும். அந்த வெளிச்சம் சமையலறை ஜன்னல் வழியாக வந்து தரையில் ஒரு பாய் அளவுக்கு விழும். அந்தப் பச்சைப் பாயில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். விளக்கைப் போட்டால் ஹாலில் தூங்கும் அப்பா விழித்துவிடுவார். தம்பி விழித்தாலும் பயமில்லை, அவனுக்குத் தமிழ் படிக்க வராது. அம்மா நர்ஸ், இந்த மாதம் அவளுக்கு நைட் டூட்டி. காலை ஏழரைக்குத்தான் வருவாள். அப்பா நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து நாலரைக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடுவார். அவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவது வெள்ளிக்கிழமை மட்டும். மற்ற நாட்களில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுகளில்தான் பேசிக்கொள்கிறார்கள். ‘குழம்பு கீழ்த்தட்டில் இருக்கு.’ ‘சுகர் மாத்திரை போட்டியளா?’ ‘போட்டாச்சு.’ உன் பாட்டியும் தாத்தாவும் அப்படித்தான் குடும்பம் நடத்தினார்கள் என்று நீ தெரிந்துகொள்.

இன்று வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது. அந்த பஸ் வருவதற்குள் நான் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். இரண்டு பேர் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார்கள். ஒருவர் அப்பா, அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று. இன்னொருவர் அப்பாவோடு வேலை செய்கிற செல்வராசு அங்கிள், அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று. இரண்டு வாக்கையும் நான் காப்பாற்றினால், செல்வராசு அங்கிள் செத்துப்போகலாம். காப்பாற்றாவிட்டால், அப்பாவின் வேலை போய், அவர் விசாவில் இருக்கும் நாங்கள் மூன்று பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கலாம். என் பென்சில் பெட்டியில், காம்பஸுக்குப் பக்கத்தில், ஒரு பூட்ஸின் குதிகால் துண்டு இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் என் தவறைச் சொல்ல வேண்டும்.

அப்பா கிரேடர் ஆப்பரேட்டர். ரோடு போடுவதற்கு முன்னால், கொட்டி வைத்த மண்ணையும் ஜல்லியையும் நீளமான பிளேடால் சீவிச் சமன்படுத்துகிற வண்டி அது. மூன்று மாதத்துக்கு முன் அவருடைய லைசென்ஸ் முடிகிற நேரம் வந்தது. புதுப்பிக்கக் கண் பரிசோதனைச் சீட்டு வேண்டும். பின் தெருவில் உள்ள கண்ணாடிக் கடைக்கு, ஃபாரம் நிரப்ப என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் மலையாளி. “பாஸ்போர்ட் காப்பி கொண்டு வரலியா சேட்டா? நாளைக்கு வாங்க” என்றார். திரும்பும்போது அப்பா வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்: “மக்ளே, அந்தச் சுவத்துல இருக்க எழுத்த அப்பிடியே எழுதி எடுத்துட்டு வா. எனக்கு இங்கிலீஷ் எழுத்தக் கண்டா தலை சுத்தும். நாளைக்கு அவன் முன்னால நின்னு திணறப்புடாது பாத்தியா.”

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அப்பாவுக்கு நான் பாடம் சொல்லிக்கொடுக்கப்போகிறேன். அன்று சமையலறை மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அவர் படித்தார். முதல் வரியில் ஒரு எழுத்து, இரண்டாம் வரியில் இரண்டு, மூன்றாம் வரியில் மூன்று. நான் கரண்டியால் மேஜையைத் தட்டித் தட்டிக் கேட்டேன். அவருக்கு மனப்பாடம் வரவில்லை. பிறகு செபமாலை சொல்கிற ராகத்தில் வைத்துச் சொல்லிப் பார்த்தார், வந்துவிட்டது. மறுநாள் கடைக்காரர் அவருடைய இடக்கண்ணை ஒரு அட்டையால் மூடினார். அப்பா ஒரு எழுத்து பிசகாமல், மூச்சு விடாமல் கடைசி வரிவரைக்கும் சொன்னார். “என்ன சேட்டா, சர்ச்சுல செபம் சொல்ற மாதிரி இருக்கே! இவ்வளவு ஸ்பீடா இங்க யாரும் வாசிச்சதில்ல” என்று சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். நான் பரீட்சையில் முதலாவதாக வந்ததுபோல நிமிர்ந்து நின்றேன். அப்பா எனக்கு ஃபலூடா வாங்கிக் கொடுத்தார். அவர் சாப்பிடவில்லை, எனக்கு எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையை நான் நன்றி என்று நினைத்தேன்.

மகனே, யாருக்காவது நீ எதையாவது சொல்லிக்கொடுக்க நேர்ந்தால், இது உங்களுக்கு எதற்கு என்று ஒரு தடவை கேட்டுவிடு. நான் கேட்கவில்லை.

பிறகு பள்ளியில் கண்காட்சி அறிவித்தார்கள். தலைப்பு, பயணமும் பாதைகளும். எல்லோரும் விமானம், கப்பல், ரயில் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் நூலகத்தில், அட்டை கிழிந்த ஒரு பழைய கலைக்களஞ்சியத்தில் ஒரு படத்தைப் பார்த்தேன். நாலு குதிரைகள். அவற்றுக்குப் பின்னால் இரும்புச் சட்டம் போட்ட நாலு சக்கர வண்டி. வண்டியின் வயிற்றுக்குக் கீழே, ஒரு வட்ட வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது அப்பாவுடைய பிளேடு. அப்படியே அதே பிளேடு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்பா பிறப்பதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே, யாரோ எங்கேயோ அவருடைய வேலையைக் கனவு கண்டு வைத்திருந்தார்கள்.

அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று தெரியாது. ஆரம்பத்தில் கிரேடர் என்பது வெறும் மரத்தடிதானாம். நீளவாக்கில் பிளந்த தடியைச் சங்கிலியில் கட்டி, கொஞ்சம் சரிவாகக் குதிரைகள் இழுத்துப் போகும். தடி மேடுகளைச் சீவிப் பள்ளங்களில் போடும். பிறகு தடிக்கு முன்விளிம்பில் இரும்புத் தகடு அடித்தார்கள். பிறகு தகட்டையே பிளேடாக்கி வண்டிக்குக் கீழே தொங்கவிட்டார்கள். பிளேடு தட்டையாக இல்லை, உள்பக்கம் குழிந்திருந்தது. அதனால் மண் அதன்மேல் ஏறி, சுருண்டு, ஓர் அலைபோலப் பக்கவாட்டில் விழுந்தது. வண்டியின் பின்புறம் நிற்பதற்கு ஒரு பலகை. பலகைக்கு முன்னால் கப்பலில் இருப்பதுபோல இரண்டு பெரிய கைச்சக்கரங்கள். இடதைத் திருப்பினால் பிளேடின் இடமுனை இறங்கும், வலதைத் திருப்பினால் வலமுனை. முன்னால் ஒருவர் உட்கார்ந்து குதிரைகளை ஓட்டுவார். பின்னால் ஒருவர் நின்று பிளேடைப் பார்ப்பார். முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்க்க முடியாது, பின்னால் இருப்பவருக்கு வழி தெரியாது. ஒருவருடைய முகத்தை ஒருவர் பார்க்காமலேயே அவர்கள் நாள் முழுக்க ஒரு ரோட்டைச் செய்தார்கள்.

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினேன். தலையைச் சாய்த்து, புத்தகத்தை இடப்பக்கமாக நகர்த்திப் பிடித்துப் பார்த்தார். அப்போதாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். “குதிரைதான் இல்ல மக்ளே. மத்ததெல்லாம் அதேதான்” என்றார். “இப்ப ஒராளே எல்லாம் செய்யணும். முன்னாலயும் பாக்கணும், பிளேடுக்க ரெண்டு முனையையும் பாக்கணும். அண்ணைக்கு ரெண்டு பேரு. அது நல்ல வேல.”

நாங்கள் இருவரும் சேர்ந்து மாடல் செய்தோம். பால் பவுடர் டின்னை வெட்டி பிளேடு செய்தோம், அது தானாகவே சரியாகக் குழிந்திருந்தது. அம்மாவின் பழைய வளையல்தான் வட்டம். குதிரைகளுக்குத் தம்பியின் பொம்மைப் பெட்டியைக் கிளறினோம், இரண்டு குதிரைகள்தான் கிடைத்தன, மற்ற இரண்டும் ஒட்டகம். “இந்த ஊருக்கு ஒட்டகம் சரிதான், விடு” என்றார் அப்பா. ஒரு பெரிய தட்டில் ரவையைக் கொட்டி, நூலால் இழுத்துப் பார்த்தோம். பிளேடை நேராக, குறுக்கே வைத்தபோது ரவை முன்னால் குவிந்து குவிந்து கடைசியில் வண்டி நகரவே மறுத்தது. சரிவாகத் திருப்பி வைத்ததும் ரவை அழகாகச் சுருண்டு ஓரமாகப் போனது. ஆனால் வண்டி நேராகப் போகாமல் நண்டுபோலப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. எவ்வளவு முயன்றும் அப்படித்தான்.

“மண்ண நீ ஒரு பக்கம் தள்ளுனா, மண்ணு ஒன்ன மறுபக்கம் தள்ளும்லா” என்றார் அப்பா. புத்தகத்திலும் அது இருந்தது. அந்தக் காலத்தில் குதிரை வண்டிகளுக்கும் அதே தொல்லை. ஓட்டுநர் குதிரைகளை எவ்வளவு அதட்டினாலும் வண்டி ரோட்டோரப் பள்ளத்துக்குள் சரியும். கடைசியில் யாரோ ஒருவருக்கு ஒரு யோசனை வந்தது: சக்கரங்களை நேராக நிறுத்தாமல், தள்ளுகிற சக்திக்கு எதிராகச் சாய்த்து வைப்பது. சாய்ந்த சக்கரம் மண்ணைக் கடித்துக்கொண்டு நிற்கும், சரியாது. நான் அதை வாசித்துக் காட்டியதும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். “அட, இது நம்ம ஊருல கரைமடி வல இழுக்கதுல்லா! வடத்தப் பிடிச்சுட்டு நேரா நின்னேன்னு வச்சிக்கோ, கடலு நம்மள இழுத்துட்டுப் போயிரும். சாஞ்சி நிக்கணும். அது எந்தப் பக்கம் இழுக்கோ அதுக்கு எதுத்துச் சாயணும்.” சமையலறையில், லுங்கியோடு, இல்லாத வடத்தைப் பிடித்து அவர் பின்னால் சாய்ந்து நின்று காட்டினார். தம்பியும் சாய்ந்தான், நானும் சாய்ந்தேன். ஷார்ஜாவில் மூன்றாவது மாடியில் நாங்கள் மூன்று பேர், கண்ணுக்குத் தெரியாத ஒரு கடலை இழுத்துக்கொண்டிருந்தோம். உன்னை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நிமிடம்தான் ஞாபகம் வருகிறது. நீயும் அந்த வடத்தில் எங்கோ ஒரு கை போட்டிருந்ததுபோல.

சக்கரங்களைச் சாய்த்து மாட்டும்போதுதான் அது நடந்தது. வலப்பக்கச் சக்கரத்தின் துளையில் அப்பா குச்சியை நுழைக்கப் பார்த்தார். துளைக்குப் பக்கத்தில் குத்தினார். மறுபடியும் பக்கத்தில். மூன்றாவது முறை, விரலால் துளையைத் தடவிப் பார்த்துவிட்டுக் குத்தினார். நான் விளையாட்டாக அவர் பின்னால் போய், அவருடைய இடக்கண்ணை என் கையால் பொத்தினேன். இன்னொரு கையை முன்னால் நீட்டினேன்.

“இது எத்தன விரலு, சொல்லுங்க?”

சிரிப்பார் என்று காத்திருந்தேன்.

“கைய எடு மக்ளே.”

“எத்தனன்னு சொல்லுங்கப்பா.”

“கை இருக்கது தெரியுது” என்றார். “விரலு தெரியல.”

என் கைக்குள் அவருடைய இமை மூடித் திறப்பது ஒரு சின்னப் பூச்சியைப் பிடித்து வைத்திருப்பதுபோல இருந்தது. அப்போது எனக்குக் கண்ணாடிக் கடையும், செபமாலை ராகமும், ஃபலூடாவும் எல்லாம் ஒன்றாகப் புரிந்தன. முதலில் கறுப்பு நூல்கள்போல ஏதோ மிதந்ததாம், பிறகு புகை படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல ஆகிவிட்டதாம். ஆறு மாதமாகிறதாம். தினமும் யார் யாருடைய கண்ணிலோ டார்ச் அடித்துப் பார்க்கும் அம்மாவுக்கு, வாரம் ஒரு நாள் பக்கத்தில் இருக்கும் இந்தக் கண் தெரியவில்லை.

“அம்மைட்ட சொல்லப்புடாது, கேட்டியா? அவ அண்ணைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவா. அவனுவ பேப்பர்ல எழுதுவானுவ. பேப்பர் கம்பெனிக்குப் போகும். பெறவு கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. ஒனக்குப் பத்தாங்கிளாஸ் பரீட்ச முடியட்டு, நானே சொல்லுதேன்.”

“அப்ப எப்பிடிப்பா வண்டி ஓட்டுதிய?”

“வலப்பக்கம் பாக்கதுக்குச் செல்வராசு இருக்காம்லா.”

நான் வாக்குக் கொடுத்தேன். பயத்தோடுதான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பயத்துக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அப்பாவும் அங்கிளும் பழைய யந்திரத்துக்கே திரும்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஒருவர் முன்னால் பார்க்கிறார், ஒருவர் பிளேடைப் பார்க்கிறார். குதிரை வண்டியைப்போல. இதைக் கண்காட்சி அட்டையில் எழுத முடியவில்லையே என்றுகூட வருத்தப்பட்டேன்.

இன்று காலை, வெள்ளிக்கிழமையிலும் சைட்டில் அரை நாள் ஓவர்டைம். ரோடு ரோலர் ஓட்டுகிறவரின் பிக்கப்பில் அப்பா என்னையும் கூட்டிப் போனார், மாடலுக்குப் பக்கத்தில் ஒட்ட உண்மையான கிரேடரின் படம் வேண்டும் என்று நான் கெஞ்சியிருந்தேன். ஊரைத் தாண்டி மணல் மேடுகளுக்கு நடுவே புது ரோடு போய்க்கொண்டிருந்தது. காலை வெயிலில் எல்லாம் ரோஜா நிறம். அப்பா உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், மேகத்தில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார். முன்சக்கரங்கள் சாய்ந்திருந்தன, புத்தகத்தில் இருந்ததைப் போலவே. இங்கே மழை அபூர்வம், ஆனாலும் அவர் ரோட்டின் நடுவை லேசாக உயர்த்தி, முதுகுபோல வைத்துத்தான் சீவுவார். என்றைக்காவது ஒருநாள் மழை வரும், அன்று தண்ணீர் ரோட்டில் நிற்காமல் இரண்டு பக்கமும் ஓடிவிட வேண்டும் என்பார்.

செல்வராசு அங்கிள் பெரம்பலூர்ப் பக்கம். கம்பெனியின் தொழிலாளர் கேம்பில் இருக்கிறார். மண்ணில் அடித்த ஆப்புகளுக்கு இடையே கட்டிய நூலைப் பார்த்து லெவல் சொல்வது அவர் வேலை. வண்டியின் வலப்பக்கத்தில், பிளேடின் முனையை ஒட்டி, கையில் ஒரு இரும்புக் கம்பியோடு நடந்துகொண்டிருந்தார். வண்டியின் சட்டத்தில் கம்பியால் ஒரு தட்டு தட்டினால் பிளேடு இறங்க வேண்டும், இரண்டு தட்டினால் ஏற வேண்டும், மூன்று தட்டினால் நிற்க வேண்டும். இது அவர்கள் இருவரும் தங்களுக்குள் வைத்துக்கொண்டது. டீ நேரத்தில் நான் அவருக்குக் குதிரை வண்டியைப் பற்றிச் சொன்னேன்.

“அப்ப நான்தான் குதிரையா பாப்பா?”

“இல்ல அங்கிள், நீங்க பின்னால நின்னு பிளேடப் பாக்கற ஆளு.”

“அப்ப அண்ணன்தான் குதிரை! கேட்டீங்களாண்ணே, உங்க பொண்ணே சொல்லிருச்சு.”

“ஆமாடே, கொள்ளு கொண்டு வா” என்றார் அப்பா.

டீக்குப் பிறகு நான் நிழலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் டேங்கர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கிரேடரை ஒட்டி வந்தது. அங்கிள் ஒதுங்க இடமில்லாமல் பிளேடுக்கும் நூலுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டார். கம்பியால் மூன்று தட்டினார். நான் பார்த்தேன். மறுபடி மூன்று. டேங்கரின் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. அப்பா முன்னால் பார்த்தபடி, சாந்தமாக, கனவில் போகிறவர்போலப் போய்க்கொண்டிருந்தார். பிளேடின் முனை அங்கிளின் காலைத் தொட்டது. அவர் பின்பக்கமாக விழுந்தார். கிரேடர் அவரைக் கடந்து போயிற்று.

நான் ஓடிப்போனபோது அவர் உட்கார்ந்து, தன் காலைத் தானே இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் இருந்தது. பூட்ஸின் குதிகால் மட்டும் கத்தியால் சீவியதுபோலப் போயிருந்தது. தட்டுச் சத்தம் வராததால் அப்பா தூரத்தில் நிறுத்தி, கூண்டிலிருந்து எட்டி, “என்னடே?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லண்ணே, தடுக்கிருச்சு, நீங்க போங்க!” என்று அங்கிள் கையை ஆட்டினார்.

“அண்ணன்ட்ட சொல்லிராத பாப்பா. அந்த மனுசன் அப்புறம் வண்டியிலேயே ஏற மாட்டாரு.”

“ஏறாம இருந்தா நல்லதுதான அங்கிள்?”

அவர் பூட்ஸில் ஒட்டிய மணலைத் தட்டினார். “நான் காய்ச்சல்ல கெடந்தப்ப ஒரு வாரம் உங்க வீட்டுக் கஞ்சிதான் கேம்புக்கு வந்துச்சு. அத யாரு கொண்டாந்தா? உங்கப்பாதான். அவரு கைக்கு நான் கண்ணா இருந்தா என்ன இப்ப? பூட்ஸுதான போச்சு. சும்மா அழுவாத.” நான் தலையாட்டிய பிறகே எழுந்து நடந்தார். ஒரு குதிகால் இல்லாததால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். ஊரில் அவருக்கு இரண்டு பெண்கள். சின்னவளுக்கு என் வயது. மணலில் கிடந்த துண்டை நான் எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மாதா கோயிலுக்குப் போனோம். இங்கே எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் ஞாயிறு. பூசை நேரத்தில் அம்மா என் பக்கத்தில் இருந்தாள். “என்ன பிள்ளே, முகம் வாடிப்போயிருக்கு?” என்று காதருகில் கேட்டாள். பரீட்சை என்று சொன்னேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். பிறகு அவள் வெள்ளைச் சீருடையை மாற்றிக்கொண்டு லிஃப்டில் இறங்கிப்போகும்போது சொல்லியிருக்கலாம். லிஃப்டின் கண்ணாடித் துவாரத்தில் அவள் முகம் கீழே கீழே போய் மறைந்தது. நான் சொல்லவில்லை.

எழுதிக்கொண்டே சற்று முன் கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. தெருவில் குதிரைகள் வந்தன. இரண்டு குதிரைகளும் இரண்டு ஒட்டகங்களும். குளம்புச் சத்தமே இல்லை. பச்சை வெளிச்சத்தில் அவற்றின் முதுகில் பாசி படிந்ததுபோல இருந்தது. பஸ் நிலையத்தையும், மூடிய துணிக்கடைகளையும் கடந்து அவை ஒரு வண்டியை இழுத்து வந்தன. வண்டிக்குப் பின்னால் தெரு மெல்ல மெல்ல மணலாக மாறி, மணல் அலையாகச் சுருண்டு சுருண்டு ஓரமாகப் படுத்தது. முன்னால் அப்பா கடிவாளத்தைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். பின்னால் செல்வராசு அங்கிள் நின்று இரண்டு கைச்சக்கரங்களையும் திருப்பிக்கொண்டிருந்தார். எவ்வளவு உயரத்தில் நின்றார்! பிளேடு அவருக்கு வெகு கீழே, அவர் கால்களைத் தொட முடியாத இடத்தில் இருந்தது. அவர் என்னைப் பார்த்து, “நான் குதிரை இல்ல பாப்பா” என்று சிரித்தார்.

விழித்ததும் புத்தகத்தை எடுத்துப் படத்தைப் பார்த்தேன். மகனே, அந்தப் பலகை. நான் எத்தனையோ தடவை அளந்து, ஐஸ்கிரீம் குச்சிகளால் செய்து ஒட்டிய அந்தப் பலகையை இன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த யந்திரத்தை வடிவமைத்தவர்கள், ஒருவர் கண் போதாது என்று தெரிந்து இரண்டாவது ஆளை வைத்தார்கள். வைத்தவர்கள், அவர் நிற்க ஓர் இடமும் கொடுத்தார்கள். பிளேடுக்கு மேலே. அப்பாவும் அங்கிளும் பழைய யந்திரத்துக்குத் திரும்பவில்லை. ஒருவர் மேகத்தில் உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவர் பிளேடுக்குப் பக்கத்தில், பலகை இல்லாமல், வெறும் மண்ணில் நடக்கிறார். அவர்களுக்கு இடையில் இருப்பது ஒரு இரும்புக் கம்பி, அதன் சத்தத்தை ஒரு டேங்கர் விழுங்கிவிடும். இதை நான் பெருமையாக நினைத்தேன்.

என் தவறுகளை உனக்கு ஒளிக்காமல் எழுதிவிட்டேன். எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தது தெரியாமல் செய்தது. அதன் பிறகு சும்மா இருந்தது தெரிந்தே செய்தது. ஒரு பக்கம் அப்பா வாக்கு, ஒரு பக்கம் அங்கிள் வாக்கு, நடுவில் நான் பிளேடைக் குறுக்கே நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாம் எனக்கு முன்னால் குவிந்து குவிந்து, இப்போது என்னால் நகர முடியவில்லை. நீ யாராவது ஒருவருடைய ரகசியத்தைச் சுமக்கும்போது கொஞ்சம் சரிவாகப் பிடி. ஓரமாக வழிந்துபோக ஒரு வழி விடு. அது உன்னை மறுபக்கம் தள்ளும், நிச்சயம் தள்ளும். அப்போது சாய்ந்து நில். அப்பா சமையலறையில் நின்று காட்டியதுபோல.

மணி மூன்றரை. ஹாலுக்குப் போய்விட்டு வந்தேன். கதவருகே ஸ்டூல், ஸ்டூலுக்குக் கீழே அப்பாவின் பூட்ஸ். அவர் எழுந்ததும் இருட்டிலேயே அதை மாட்டுவார், தம்பி விழித்துவிடக் கூடாது என்று. பூட்ஸ் மாட்டக் கண் வேண்டாம், காலுக்கே தெரியும். வலது பூட்ஸுக்குள் அந்தக் குதிகால் துண்டை வைத்துவிட்டேன்.

பொழுது விடிகிறது. நடந்ததை எழுதி முடித்துவிடுகிறேன்.

அலாரம் அடித்தது. அப்பா முகம் கழுவினார். ஸ்டூல் கிறீச்சிட்டது. இடது பூட்ஸ். பிறகு வலது பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டும் சத்தம்.

“மக்ளே.”

நான் தூங்குவதுபோல நடிக்கவில்லை. எழுந்து போனேன்.

“இது யாருக்க பூட்ஸு?”

“செல்வராசு அங்கிளோடதுப்பா. நேத்து காலையில. டேங்கர் வந்தப்ப மூணு தட்டு தட்டுனாங்க. உங்களுக்குக் கேக்கல.”

அவர் கட்டைவிரலால் வெட்டிய விளிம்பைத் தடவினார். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, மறுபடியும். பதினேழு வருடமாக அந்த பிளேடு வெட்டியதையெல்லாம் அந்த விரல் தடவிப் பார்த்திருக்கிறது.

“காலு?”

“கால் இருக்குப்பா.”

கீழே பஸ் ஹாரன் அடித்தது. பிறகு இன்னொரு தடவை. அப்பாவின் மொபைல் அடித்தது, டிரைவர் “யல்லா பாய், ஜல்தி!” என்று கத்தியது எனக்கே கேட்டது. “ஆஜ் நை ஆயேகா பாய்”, இன்றைக்கு வரவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். பஸ் கிளம்பும் சத்தம் தெருமுனை வரைக்கும் போய், திரும்பி, இல்லாமல் ஆயிற்று. பிறகு அவரே செல்வராசு அங்கிளுக்குப் போன் போட்டார்.

“டே, எதுக்குடே சொல்லல?”

“பூட்ஸுதானண்ணே...”

“இனி நீ வலப்பக்கம் நடக்கப்புடாது. நான் வண்டி எடுக்க மாட்டேன். வேற எவன் எடுத்தாலும் நீ நடக்கப்புடாது, கேட்டியா?”

போனை என்னிடம் நீட்டினார். “அம்மைக்குப் போடு. நீயே சொல்லு, எனக்கு வராது.” நான் நம்பரை அழுத்தினேன். மணி அடிக்கும்போதே கையை நீட்டினார். “இல்ல, குடு. நான் சொல்லுதேன்.” சொன்னார். அம்மா கேட்ட இரண்டு கேள்விகள்தான் எனக்குக் கேட்டன. “எந்தக் கண்ணு? எத்தன நாளா?” கடைசியில், “அங்ஙனயே இருங்க, வாறேன்” என்றாள்.

இனி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்புமா, பரீட்சை இங்கேயா, நீ இந்த ஊரின் பெயரைக் கேட்டாவது வளர்வாயா, எதுவும் தெரியாது. கம்பெனி என்ன சொல்லுமோ. பயம் போகவில்லை மகனே. ஆனால் ஒருவர் இன்றைக்குப் பிளேடுக்குப் பக்கத்தில் நடக்கவில்லை.

அப்பா இன்னும் அந்த ஸ்டூலில்தான் இருக்கிறார். ஒரு காலில் பூட்ஸ், ஒரு கால் வெறுங்கால், கையில் அந்த ரப்பர்த் துண்டு. நான் நோட்டை மூடிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்காரப்போகிறேன், வலப்பக்கத்தில். நான் வருவது அவருக்குத் தெரியாது, திடுக்கிட்டுப்போவார். அதனால் சுவரில் ஒரு தட்டு தட்டிவிட்டு உட்காருவேன்.